ரோஸ்மேரி சிஸ்டர் சொல்லாமல் போனது

அருள்புரத்திலிருந்து பல்லடம் போகிற ரோட்டில், ஒரு நூல் குடோனுக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே இருந்த அந்த ஆஸ்பத்திரியில், நோயாளியைக் குணப்படுத்துவது டாக்டர்கள் வேலை. குணமானவன் வீட்டுக்குப் போய்ச் சாகாமல் இருக்க வழி சொல்வது ரோஸ்மேரி சிஸ்டர் வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று யாராவது கேட்டால் அவள் மூக்கைச் சுளிப்பாள். டாக்டருக்கு எதிரே கிடப்பது மயக்க மருந்து கொடுத்த உடம்பு. அது எதிர்த்துப் பேசாது. அவளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதோ முழித்துக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. டிஸ்சார்ஜ் எழுதியதும் குடும்பத்தை அங்கே கூப்பிட்டு, எந்த மாத்திரை எப்போது, புண்ணை எப்படிக் கழுவுவது, என்ன நடந்தால் திரும்ப ஓடி வரவேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்து உட்காருகிறவன் யார்? வீட்டில் மருந்து கொடுக்கப் போகிறவள் பனியன் கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் இருப்பாள். அவளுக்கு லீவு கிடைத்திருக்காது. அன்றைக்கு வேலைக்குப் போகாத மச்சினனோ, பக்கத்து லைன் வீட்டுக்காரனோ, கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரனோ வந்து உட்காருவான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். கேட்டைத் தாண்டும்போது பாதியையும், பஸ் ஏறும்போது மீதியையும் மறந்திருப்பான்.

அதனால் தலையாட்டுகிறவர்களை ரோஸ்மேரி நம்புவதில்லை. சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்பாள். மீசை நரைத்தவர்களும் கம்பெனி முதலாளிகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து. "ஏனுங்க சிஸ்டர், என்ற வயசுக்கு என்னப் போயி ஒப்பிக்கச் சொல்றீங்களே" என்று ஒருவர் முறைத்துக்கொண்டபோது, "வயசுக்குத் தகுந்த மாதிரி தப்பில்லாமச் சொல்லுங்க" என்றாள். அவர் மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னார். அவருடைய மனைவியோ ஒரு மாத்திரை தவறாமல் விழுங்கிப் பிழைத்துக்கொண்டாள். ரோஸ்மேரிக்கு அது போதும். தன்னை யாருக்கும் பிடிக்காது என்பதில் அவளுக்கு ஒரு பெருமையே இருந்தது.

சாத்தான்குளம் பக்கத்துக்காரி. நாகர்கோவிலில் நர்சிங் படித்தவள். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊர் 'ங்க'வை நாக்கில் ஒட்டவைத்துக்கொண்டாள். மரியாதை மட்டும் அதோடு சேர்ந்து ஒட்டவில்லை. கோபம் வந்தால் 'ங்க' உதிர்ந்து சாத்தான்குளம் வெளியே வந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்களிடம் அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வியாதி ஒன்று உண்டு. எந்த டாக்டரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. துணி என்று எதைக் கண்டாலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சட்டையைத் தேய்ப்பார்கள். பஸ்ஸில் முன்சீட்டுப் பையனின் பனியனைத் தேய்ப்பார்கள். தேய்த்து, நூல் என்ன, எடை என்ன, எங்கே ஓட்டிய துணி என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைக்கக் கொடுக்கிற காஸ் துணியையும் விடுவதில்லை. தேய்த்துப் பார்த்து முகத்தைக் கோணிக்கொள்வார்கள். "இதென்னங்க, கொசுவலையாட்ட இருக்குது!"

அந்தக் கொசுவலை வீட்டுக்குப் போனதும் குப்பைக்குப் போகும். அதற்குப் பதிலாக, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பளபளவென்ற வெள்ளைத் துணி புண்மேல் ஏறும். அதிலும் ரிப் துணி என்றால் அவர்களுக்குத் தனிப் பிரியம். பனியன் கழுத்துக்கும் கைப்பட்டிக்கும் வைக்கிற துணி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். கட்டுப் போட அதைவிட வசதி வேறு என்ன? சர்க்கரை வியாதிக்காரன் காலில் அதைச் சுற்றினால் அது கவ்விக்கொண்டே இருக்கும், ரத்தம் உள்ளே போகாது, மரத்துப்போன கால் என்பதால் வலியும் தெரியாது. ரோஸ்மேரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் தைத்த பனியனைச் சரிபார்க்கிற ஒரு செக்கிங் பெண்ணின் அப்பா இப்படியே இரண்டு விரல்களைப் பறிகொடுத்தார். அன்றிலிருந்து கால் புண் யாருக்கு இருந்தாலும் கடைசியாக அவள் சொல்வது இதுதான்: "பனியன் துணியத் தொடக்கூடாது. பழசும் கூடாது, புதுசும் கூடாது. ரிப்புத் துணிய மட்டும் சுத்துனீங்க, காலு போயிரும்." டாக்டர் எழுதிக் கொடுக்கிற காகிதத்தில் அது இருக்காது. அவள் வாயில்தான் இருந்தது.

இப்படி ஊரையே திட்டித் திட்டிப் பிழைக்கவைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் போனுக்குள் ஏஐ வந்து உட்கார்ந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும், தமிழில் பேசும், கோபமே வராது. வந்த வேகத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், மீதிப் பேர் மண்ணை வாரித் தூற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால் காலையில் ஆடியவர்களே சாயங்காலம் தூற்றினார்கள். டீக்கடையில் உட்கார்ந்து "இது எல்லார் சோத்துலயும் மண்ணப் போட்டுரும்" என்று புலம்பினவன், புலம்பி முடித்ததும் தன் மகளுக்கு வந்த ஜாதகத்தை அதனிடம் காட்டிப் பொருத்தம் கேட்டான். ரோஸ்மேரி போகிற சபையின் பாஸ்டர் அதை அந்திக்கிறிஸ்துவின் வாய் என்று பிரசங்கம் செய்தார். அடுத்த ஞாயிறு அவர் செய்த பிரசங்கம் வழக்கத்துக்கு மாறாக அவ்வளவு கோர்வையாக இருந்ததும், "சுருக்கமாகச் சொன்னால்" என்று அவர் மூன்று முறை சொன்னதும் ரோஸ்மேரி காதில் விழாமல் இல்லை. அந்தோணிராஜின் கம்பெனியில் சின்ன முதலாளி அதை வைத்துக் குழந்தைகள் பனியனுக்குப் படம் போட்டார். கிடார் வாசிக்கிற பையனுக்கு ஒரு கையில் ஆறு விரல். லாரியில் ஏற்றின பிறகுதான் யாரோ எண்ணிப் பார்த்தார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் அதேபோல் அனுப்பச் சொன்னான்.

ரோஸ்மேரிக்கு எரிச்சலூட்டியது ஆறாவது விரல் இல்லை. சொந்தக்காரர்கள் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மேஜைக்குக் கீழே போனைத் தடவி, அவள் சொன்னது சரிதானா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்துவிட்டு, "கரெக்ட்டுத்தானுங்க சிஸ்டர்" என்று அவளுக்கே மார்க் போட்டார்கள். மேனேஜர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "அதுகிட்டப் பேசிப் பாருங்க சிஸ்டர், எவ்வளவு கனிவாப் பேசுது! கொஞ்சம் அது மாதிரி நீங்களும் பேசிப் பழகுங்க" என்றார். இவளிடம் பாடம் கேட்க வேண்டிய ஜென்மம் அது. அதனிடம் இவள் போய்ப் பழக வேண்டுமாம். அவள் விருட்டென்று வெளியே வந்தாள். அன்று முழுக்க எதிரே வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு நேரத்தில்தான் ரத்தினசாமியின் குடும்பம் வந்தது.

ரத்தினசாமி நெசவுக் குடும்பத்துக்காரர். அப்பா காலத்தில் தறி, இவர் காலத்தில் ரிப் துணி ஓட்டுகிற நிட்டிங் மெஷின்கள். இப்போது மகன் குணா கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறான். எத்தனை வயதானாலும் தைப்பூசத்துக்கு மாலை போட்டுச் செருப்பில்லாமல் பழனிக்கு நடந்துபோவதைப் பெரியவர் விடவில்லை. சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தடவை நடந்து முடித்து வந்தபோது வலது உள்ளங்காலில் ஓட்டை விழுந்திருந்தது அவருக்கே தெரியாது. வீடு துடைத்துக்கொண்டிருந்த மருமகள் அனுப்ரியாதான் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். சர்ஜன் புண்ணைச் சுத்தம் செய்தார். கால் தப்பியது. புண் ஆறும்வரை ஒழுங்காகக் கட்டுப் போட்டால் போதும், இல்லாவிட்டால் காலுக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி டிஸ்சார்ஜ் எழுதினார்.

மாடிப்படி அறைக்குக் குணாவும் அனுப்ரியாவும் வந்தார்கள். கட்டுப் போடப் போகிறவள் அனுப்ரியா. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ரோஸ்மேரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குணா சாய்ந்து உட்கார்ந்து காஸ் துணிப் பொட்டலத்தைப் பிரித்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க சிஸ்டர், இதுக்குப் பேரு துணிங்களா? எடையே இல்லீங்களே."

"இது பனியன் தைக்க இல்லீங்க, புண்ணுக்கு வைக்க" என்றாள் ரோஸ்மேரி.

மாத்திரைகளைச் சொன்னாள். உள்ளங்காலை ஊன்றக் கூடாது என்றாள். தினமும் கட்டைப் பிரித்து, கழுவி, காஸ் வைத்துத் தளர்வாகக் கட்டச் சொன்னாள். விரல் நிறம் மாறினால் உடனே வரச் சொன்னாள். பிறகு குணாவைப் பார்த்து, "எங்க, இதுவரைக்கும் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

குணா சிரித்தான். "அதெல்லாம் எதுக்குங்க சிஸ்டர்? இந்தச் சீட்டப் போட்டோ எடுத்துப் போட்டா இதுவே சொல்லிருமுங்க. நீங்க தொண்டத்தண்ணி வத்தக் கத்தோணும்னு இல்லீங்க." சொல்லிக்கொண்டே டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படம் பிடித்து, போனை மேஜைமேல் நிறுத்தினான்.

அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தேனில் குழைத்த மாதிரி, வணக்கம் சொல்லி ஆரம்பித்தது. காகிதத்தில் இருந்ததை ஒன்று விடாமல் சொன்னது. ஒரு தப்பில்லை. கடைசியில், "உங்கள் தந்தையின் மீது உங்களுக்கு இருக்கும் அக்கறை பாராட்டத்தக்கது" என்றது. குணா, எப்படி என்கிற மாதிரி ரோஸ்மேரியைப் பார்த்தான்.

மருமகள் கழுவி, மருமகள் துடைத்து, மருமகள் கட்டப் போகிறாள், அக்கறை இவனுக்காம். ரோஸ்மேரிக்குக் காதுவரை சூடேறியது. அடுத்துச் சொல்ல வேண்டியது துணி விஷயம். அதுவும் ரிப் கம்பெனிக்காரன் வீடு. வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு அவள் எழுந்தாள்.

"அப்ப அதுகிட்டயே கேட்டுக்கிடுங்க. நான் எதுக்கு நடுவுல?"

வெளியே வந்து வராந்தாவில் நடந்தாள். பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. "சிஸ்டர்... சிஸ்டர், ஒரு நிமிசமுங்க." அனுப்ரியாவின் குரல்தான். ரோஸ்மேரி திரும்பவில்லை. நேராகப் போய் நர்ஸ் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே போனதும் ஒரு குளிர்ச்சி. அவமானப்படுத்தினவனுக்கு நல்ல பாடம் கொடுத்த மாதிரி.

வீட்டில் அந்தோணிராஜிடம் இதையெல்லாம் குரல் மாற்றிப் பேசி நடித்துக் காட்டினாள். அக்கறை பாராட்டத்தக்கதாம்! அவன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"ரிப்புக் கம்பெனியா? ஏட்டி, துணி விசயம் சொன்னியா?"

"எல்லாம் அவன் போன் சொல்லும்."

"போனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊருக்காரப் பயலுவ புண்ணுல ரிப்பு சுத்துவானுவன்னு அதுக்கு எவன் சொன்னான்? ஆஸ்பத்திரியில நம்பர் இருக்கும்லா. காலையில ஒரு வார்த்த போட்டுச் சொல்லிரு."

"நான் போய் அவன்ட்டக் கெஞ்சணுமோ? எனக்கு என்ன தலையெழுத்து?" என்றாள்.

அவன் கை கழுவ எழுந்தான். மறுநாள் காலையில் டியூட்டிக்குப் போனதும் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. நம்பரும் ரெஜிஸ்டரில் எதிரேதான் இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேறு வேலையில் இறங்கினாள். அதற்கடுத்த நாள் ஞாபகம் வந்தபோது, ஞாபகம் வந்ததே எரிச்சலாக இருந்தது.

குணாவின் வீட்டில் நடந்தது எல்லாருக்கும் பின்னால்தான் தெரிந்தது. காஸ் துணியைப் பார்த்ததும் ரத்தினசாமியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணியிலேயே பிறந்து துணியிலேயே வளர்ந்த மனுஷன். நாலு பேர் வந்து பார்க்கிற காலில் கொசுவலையா? குணா போனை எடுத்து, சுத்தமான காட்டன் துணி வைத்துக் கட்டலாமா என்று கேட்டான். கட்டாயம் என்றால் சுத்தமான, மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகக் கட்டலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்ததே நல்லது, சர்க்கரை உள்ளவர் என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அது சொன்னது. குணா 'கட்டலாம்' வரைக்கும் கேட்டான். பிறகு குடோனுக்குப் போய், எந்தக் கடையிலும் கிடைக்காத உயர்ந்த ரகம், லைக்ரா என்கிற இழுவை நூல் கலந்த வெள்ளை ரிப் துணியில் ஒரு சுருள் வெட்டிக்கொண்டு வந்தான். கேட்டது காட்டன், கொண்டுவந்தது இழுவைத் துணி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனா அவன்? அதை விற்றுத்தான் வீடு கட்டினான். ஆனால் தன் கம்பெனித் துணி தன் அப்பாவுக்குக் கெடுதல் செய்யும் என்று நினைக்க இந்த ஊரில் யாருக்குத்தான் மனசு வரும்?

அனுப்ரியா பாவம், கிருமி இருக்கக் கூடாதே என்று அந்தத் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். வேகவைத்த துணி இன்னும் சுருங்கியது. அதைத்தான் இழுத்து இழுத்துச் சுற்றினாள். "இப்பத்தான் கண்ணு கட்டுன்னா கட்டு மாதிரி இருக்குது" என்று பெரியவர் காலை நீட்டிவைத்து அழகு பார்த்தார். வலிக்கவில்லை. எப்படி வலிக்கும்?

விரல் நுனி கறுப்பதை அனுப்ரியா பார்த்துச் சொன்னதும் குணா படம் எடுத்துப் போனில் போட்டான். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றது போன். இத்தனை நாள் அதன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவன், அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பவில்லை. அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் கூட்டிவந்தான்.

கட்டைப் பிரித்தபோது ரோஸ்மேரி பக்கத்தில் நின்றாள். முதலில் துணியைத்தான் பார்த்தாள். பிறகு காலை. விரல்கள் எல்லாம் கரி மாதிரி இருந்தன. பாதிப் பாதத்துக்கு மேலும் நீலம் ஏறியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் குணா கையை உதறிக் கத்த ஆரம்பித்துவிட்டான்.

"இந்தக் கருமத்த நம்பி நாசமாப் போனனுங்க சிஸ்டர்! காட்டன் கட்டலாம்னு இதுதானுங்க சொல்லுச்சு!"

அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டான், அவனுக்குக் காலும் இல்லை கையும் இல்லை, எதிர்த்துப் பேசவும் மாட்டான். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு அதுதான். கனிவாகப் பேசிப் பழகச் சொன்ன மேனேஜர், "மனுசங்க சொல்றது மாதிரி வருமா? நான் அப்பவே சொன்னேன்" என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் ஜாதகம் பார்த்தவன் போனைத் தொடவே கூடாது என்று சாமியாடினான். பாஸ்டர் கேள்விப்பட்டு, ஞாயிறு சாட்சி சொல்ல வரமுடியுமா என்று ரோஸ்மேரிக்கு ஆள் அனுப்பினார். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அவள் நிமிர்ந்து நடந்தாள். மெஷினை நம்பிக் காலைக் கெடுத்துக்கொண்ட கதையை அவளே நாலைந்து பேருக்குச் சொன்னாள். சொல்லும்போது, தான் அறையை விட்டு எழுந்து வந்த இடத்தைத் தாண்டிப் போனாள். ஒவ்வொரு தடவையும் தாண்டுவது சுலபமாகிக்கொண்டே வந்தது.

அந்தோணிராஜிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மறுநாள் அறுவை சிகிச்சை அறைக்குப் பக்கத்து வராந்தாவில் ரோஸ்மேரி இன்னொரு குடும்பத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மாடிப்படி அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்பதால் பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள். சின்னத்தாய் என்று ராஜபாளையம் பக்கத்துப் பெண்; பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். அவள் புருஷனுக்கும் காலில் சர்க்கரைப் புண். கடைசியில் ரோஸ்மேரி வழக்கம்போல விரலை ஆட்டிச் சொன்னாள்.

"பனியன் துணியத் தொடக்கூடாது. பழசும் கூடாது, புதுசும் கூடாது. ரிப்புத் துணிய மட்டும் சுத்துனீங்க, காலு போயிரும். எங்க, திருப்பிச் சொல்லுங்க."

"பனியன் துணியத் தொடக்கூடாது" என்று சின்னத்தாய் ஒப்பிக்க ஆரம்பித்தாள். "என்னக்கா, எல்லாருக்கும் இதச் சொல்லுவீயளா?"

"எல்லாருக்குந்தான். இந்த ஊர்ல இதச் சொல்லாம ஒருத்தரயும் அனுப்புனது கிடையாது."

சொல்லி நிமிர்ந்தபோது எதிரே அனுப்ரியா நின்றிருந்தாள். சுடுதண்ணீர் பிடிக்க வந்தவள், கையில் பிளாஸ்க். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. ரோஸ்மேரியைப் பார்த்தாள். தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனாள். சின்னத்தாய் மீதியைத் தப்பில்லாமல் ஒப்பித்து முடித்தாள். ரோஸ்மேரி காதில் எதுவும் ஏறவில்லை.

மத்தியானம் சர்ஜன் முடிவைச் சொன்னார். விரல்களோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தாமதித்தால் உயிருக்கே வந்துவிடும். குடும்பத்திடம் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள் என்று ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். கஷ்டமானதைச் சொல்ல டாக்டர்களுக்கு எப்போதும் நேரம் இருக்காது.

அறையில் பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். கால்மாட்டில் குணா, ஜன்னலோரம் அனுப்ரியா. குணா ரோஸ்மேரியை வாசலிலேயே மறித்தான்.

"சிஸ்டர், அப்பாகிட்ட இத எப்பிடிங்க சொல்றது? எனக்கு வாய் வரலீங்க. வேணும்னா..." என்று பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். "இதுல போட்டா மனசு நோகாமப் பதமாச் சொல்லுமுங்க."

நேற்று கருமம் என்று திட்டிய அதே போன். ரோஸ்மேரிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "உள்ள வைங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். காலை எடுக்க வேண்டும்; எடுத்தால் உயிர் இருக்கும்.

ரத்தினசாமி தன் காலைப் பார்த்தார். பழனிக்கு எத்தனை தடவை நடந்த கால். அழவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க அம்மிணி. நல்லாத்தான ஊட்டுக்குப் போனேன். யாரு பண்ணுன தப்பு இது?" என்று கேட்டார்.

"இந்தப் போன்தானுங்க அப்பா" என்றான் குணா முந்திக்கொண்டு. "சிஸ்டரையே கேளுங்க."

எல்லாரும் ரோஸ்மேரியைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். மேனேஜர் ஒப்புக்கொண்டார், ஊர் ஒப்புக்கொண்டது, பாதிக்கப்பட்டவரின் மகனே ஒப்புக்கொள்கிறான். அவள் தலை அசையத்தான் ஆரம்பித்தது.

"போன் இல்லீங்க மாமா" என்றாள் அனுப்ரியா. அந்தக் குடும்பத்தில் அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "ரிப்புத் துணி சுத்துனா காலு போயிரும்னு சிஸ்டருக்கு மின்னாலயே தெரியுமுங்க. எல்லாருத்துக்கும் சொல்லுவாங்களாமா. இன்னைக்கு வெளிய ஒரு அக்காவுக்குச் சொல்லிட்டு இருந்தாங்க, என்ற காதால கேட்டனுங்க. நமக்குத்தான் சொல்லுல. இவரு போனத் தூக்கிக் காட்டுனாருன்னு கோவிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. கட்டறதப் பத்திக் கேக்கலாம்னு நானு பின்னாடியே ஓடுனனுங்க மாமா. காதுல உளுந்துது இவிங்களுக்கு. கதவச் சாத்திட்டாங்க."

ரோஸ்மேரிக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. உங்க மகன் என்னை மதிக்கலைங்க என்று சொல்லலாம்; அது உண்மைதான். கறுத்துக் கிடக்கிற அந்தக் காலுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல வாய் எழவில்லை. "ஆமாங்க" என்றாள். "தெரியும். சொல்லல."

ரத்தினசாமி அவளை நிதானமாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொட்டிக்கு ஒண்ணும் தெரியாதுங்க அம்மிணி. தெரியாமச் சொல்லிப்போடுச்சு. இந்த மடையன் தெரியாமக் கேட்டுப்போட்டான். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதேங்க."

ரோஸ்மேரி கையில் இருந்த காகிதத்தை நீட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், ஆபரேஷனுக்கு முன்னால் எதெல்லாம் சாப்பிடக் கூடாது, பிறகு என்ன செய்வார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குணா, உன்ற போன எடு. அது சொல்லட்டும். இவிங்க சொல்ல வேண்டாம்."

குணா தயங்கினான். அப்பா மறுபடி பார்த்ததும் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் படம் பிடித்தான். அந்தக் குரல் வணக்கம் சொல்லி ஆரம்பித்தது. ரத்தினசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அனுப்ரியா மட்டும் போனையும் கேட்கவில்லை, ரோஸ்மேரியையும் பார்க்கவில்லை; மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்து, எடுக்கப் போகிற அந்தக் காலைப் போர்வைக்குள் மூடிவிட்டுக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடாதா என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கவனித்தாள். கடைசிவரை அது ஒரு தப்பும் சொல்லவில்லை.